பன்னிரண்டாவது குரல்

ஹைதராபாத்,
12 பிப்ரவரி 2025

அன்புத் தங்கை வீராயிக்கு,

அல்லாஹ்வின் கிருபையால் நான் நலம். நீயும் ஊரில் அப்பா அம்மாவும் நலமா?

இந்தக் காலத்தில் போய் கடிதமா என்று சிரிக்காதே. தம்பி இம்தியாஸின் போன் என்னிடம்தான் இருக்கிறது. திறந்தால் முதலில் நிற்பது உங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழு. அதில் கடைசியாக அவன் அனுப்பிய குரல் பதிவு: "எல்லாரும் மூணு மணிக்கு வந்துருங்க. லேட்டா வர்றவங்கள முதலை தின்னுடும்." அதைக் கேட்காமல் என்னால் அந்தப் போனை மூட முடிவதில்லை. கேட்டுவிட்டால் அன்றைக்கு வேலை ஓடாது. அதனால் உன்னோடு பேனாவிலேயே பேசுகிறேன்.

பாலக்கரை வீட்டிலிருந்து அம்மா அவன் நோட்டுகளை ஒரு பெட்டியில் போட்டு அனுப்பியிருந்தார்கள். எல்லாம் வரைபடம், அரக்கன், கோட்டை. கடைசி நோட்டில் மட்டும் தலைப்பு: "அடுத்த உலகங்கள்." கீழே எதுவும் இல்லை. ஒரே ஒரு வரி. அப்படியே எழுதுகிறேன்:

"அடுத்தத வீராயி நடத்தணும். கேட்டா மாட்டேம்பா. விடக்கூடாது."

அவன் போனதிலிருந்து எட்டு மாதமாக நீங்கள் யாரும் கூடவில்லை என்று அருள்நாதன் சொன்னான். உங்கள் விளையாட்டு எனக்குச் சரியாகப் புரியாது. ஆனால் அவனுக்கு அது வெறும் விளையாட்டு இல்லை என்று தெரியும். அன்றைக்கு அவன் கடைசிவரை சிரித்துக்கொண்டே கதை சொல்லிக்கொண்டிருந்தான், ஒன்றுமே தெரியாமல் போய்விட்டான் என்று அருள் சொன்னானே, அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா உயிரோடு இருக்கிறார்கள். நானும்தான்.

நீ நடத்து. என்ன உலகம் என்று எனக்கு எழுது. இருவரும் சேர்ந்து யோசிப்போம்.

பிரியமுள்ள அக்கா,
அஃபீஃபா


திருச்சி,
21 பிப்ரவரி 2025

அன்புள்ள அஃபீஃபா அக்காவுக்கு,

நலம். உங்கள் கடிதத்தை விடுதி வார்டன் நீட்டியபோது பயந்துவிட்டேன். எனக்குக் கடிதம் என்று வந்ததெல்லாம் தேர்வு முடிவும் வேலை உத்தரவும்தான்.

உங்கள் தம்பி நோட்டில் எழுதியது சரி. மாட்டேன் என்றுதான் சொல்ல வந்தது. உங்களுக்கு அந்த விளையாட்டைச் சொல்கிறேன், ஏன் என்று புரியும். ஒருவர் கதை நடத்துவார். அவர்தான் ஊர், மழை, அரக்கன், டீக்கடைக்காரர், எல்லாம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். நான் என்ன செய்கிறேன் என்று சொல்வோம். நடக்குமா நடக்காதா என்ற சந்தேகம் வந்தால் இருபது முகம் உள்ள பகடையை உருட்டுவோம். பெரிய எண் விழுந்தால் நடக்கும். அவ்வளவுதான். ஆனால் கதை நடத்துகிறவர் மூன்று மணி நேரம் நிறுத்தாமல் பேச வேண்டும். நான் கல்லூரி நூலகத்தில் "ஸ்ஸ்" என்று சொல்வதற்கே மூன்று முறை ஒத்திகை பார்க்கிறவள்.

இம்தியாஸ் அண்ணன் எங்கள் கல்லூரியில் கணினி பழுது பார்க்க வந்தவர். வரைபடம் போட நீள மேசை வேண்டும் என்று நூலகத்துக்கு வந்தார். என் பெயரைக் கேட்டார். நான் வழக்கம்போல முனகினேன். "வீராயியா? அட, நாங்க எல்லாம் இப்படி ஒரு பேரு வேணும்னு உக்காந்து யோசிக்கிறோம், உங்களுக்கு வீட்டுலயே வச்சிட்டாங்களா!" என்றார், நூலகம் முழுக்கக் கேட்கும்படி. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். அந்தப் பெயரை ஹால் டிக்கெட்டில் பார்க்கும்போதெல்லாம் மறைக்கத்தான் தோன்றியிருக்கிறது. அடுத்த ஞாயிறு திருவானைக்காவலில், அருள்நாதனின் மாமா மூடிப்போட்ட தையல் கடைக்கு மேல் இருக்கும் அறையில், நான்காவது ஆளாக உட்கார்ந்திருந்தேன். நிஷா எனக்கு இடம் விட்டு நகர்ந்தாள்.

சரி, ஓர் உலகம் யோசித்தேன். பிடிக்கவில்லை என்றால் கிழித்துவிடுங்கள்.

ஆறு வற்றிப்போன ஒரு தீவு. அதில் ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு மதில் கொண்ட நகரம். வெளிச் சுற்றுத் தெருவில் இன்றைக்கு நடக்கிறது. ஒரு மதிலைத் தாண்டி உள்ளே போனால் நூறு வருடம் பின்னால் போய்விடுவீர்கள். வெளித்தெருவில் காணாமல் போனவர்களைத் தேடி உள்ளே உள்ளே போக வேண்டும். ஆறாவது மதிலுக்குள் மனிதர்கள் இல்லை, அவர்கள் பேசியது மட்டும் காற்றில் இருக்கிறது. ஏழாவதற்குள் ஓர் அறை. பூட்டியிருக்கிறது. உள்ளே யாரோ இருக்கிறார்கள், யாரும் திறப்பதில்லை.

அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

பணிவுடன்,
வீராயி


ஹைதராபாத்,
2 மார்ச் 2025

அன்பு வீராயி,

இன்று முதல் நோன்பு. பகல் முழுக்க உன் ஏழு மதிலுக்குள்தான் சுற்றினேன், பசி தெரியவில்லை. முந்தாநாளே ஆபீஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். "மேடம், அந்த ஆறாவது தெருவுக்கு மட்டும் நான் வரமாட்டேன்" என்றாள். ஒரு வார்த்தை: ஏழு மதில் என்றால் அது ஸ்ரீரங்கம் என்று திருச்சியில் குழந்தைக்கும் தெரியும். அருள் ஏதாவது கோணலாகப் பேசி யாரிடமாவது அடி வாங்கி வைப்பான். எட்டு மதிலாக்கிவிடு!

"பணிவுடன்" எல்லாம் எனக்கு வேண்டாம். நான் என்ன உன் மேனேஜரா?

கதை நடத்தும்போது தம்பி விதவிதமாகக் குரல் மாற்றுவானாமே. வீட்டிலும் அப்படித்தான். அத்தா குரலில் பேசி என்னைப் படிக்க உட்காரவைப்பான். அத்தா அப்போது கடையில் இருப்பார்கள்! அதைப் பற்றிக் கொஞ்சம் எழுது. அவன் உங்களோடு இருந்த மூன்று மணி நேரம்தான் எனக்குத் தெரியாதது. மற்றதெல்லாம் தெரியும்.

இன்னொரு உலகமும் வேண்டும்.

அக்கா,
அஃபீஃபா


திருச்சி,
13 மார்ச் 2025

அன்புள்ள அக்கா,

அவருக்குப் பதினோரு குரல் உண்டு. நான் எண்ணி வைத்திருக்கிறேன். வாயில்காப்பான், கிழட்டு சூனியக்காரி, கப்பல் தலைவன், சிறை பிடிபட்ட ராஜா, பேசும் ஆந்தை, இப்படி. யாரும் கவனிக்காததைக் கவனிப்பது ஒன்றுதான் எனக்கு வரும்.

உங்களிடம் சொன்னால் பைத்தியம் என்று நினைக்கமாட்டீர்களே? அந்தக் குரல்கள் இன்னும் ஊரில் இருக்கின்றன. ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் கண்டக்டர், "உள்ள போங்க, உள்ள போங்க, உள்ளதான் கடல் மாதிரி எடம் கெடக்கே" என்று கத்தினார். அது வாயில்காப்பான் குரல். திரும்பிப் பார்த்தேன். மீசை வைத்த யாரோ. விடுதி வார்டன் "லைட்ட அணைங்கடி" என்றால் சூனியக்காரி. காந்தி மார்க்கெட்டில் ஒரு வியாபாரி வெங்காயம் விற்கிறார், எனக்குக் கப்பல் தலைவன் கேட்கிறது. முதலில் பயமாக இருந்தது. இப்போது ஒவ்வொன்றாகக் கணக்கு வைக்கிறேன். பத்து கேட்டுவிட்டது. ராஜா மட்டும் இன்னும் வரவில்லை. எங்கேயாவது கூட்டத்தில் பின்னாலிருந்து அந்தக் குரல் வந்துவிடுமோ என்று திரும்பிப் பார்க்காமல் வேகமாக நடக்கிறேன்.

உலகங்கள் இரண்டு அனுப்புகிறேன்.

ஒன்று, ரயில். பொன்மலைப் பணிமனையிலிருந்து வெளியே வந்த ஒரு பழைய ரயில், கால அட்டவணையிலிருந்து நீக்கப்பட்ட ஸ்டேஷன்களில் மட்டும் நிற்கும். ஏறுபவர்களுக்கு டிக்கெட் கிடையாது. இறங்கத்தான் டிக்கெட் வேண்டும். கடைசிப் பெட்டியின் இரண்டு பக்கமும் தகரம் அடித்து மூடியிருக்கிறது. உள்ளே யாரோ தட்டுகிறார்கள். மற்ற பயணிகள் அதைத் தண்டவாளச் சத்தம் என்று சொல்லிப் பழகிவிட்டார்கள்.

இன்னொன்று, தொட்டியம் பக்கத்து வாழைத்தோப்பு மாதிரி ஓர் ஊர். தார் பழுக்க வைக்கப் புகை போட்டு மூடுவார்களே, அந்த மாதிரி ஒரு பெரிய மண் அறை. அந்த ஊரில் காய் வைப்பதில்லை. உங்களுக்கு மறக்க வேண்டிய ஒன்றை உள்ளே வைத்து மூடி, புகை போட்டுவிட்டுப் போய்விடலாம். நான்காம் நாள் திறந்தால் அது இனிப்பாகிவிடும் என்று நம்பிக்கை. ஒரு முறை யாரோ ஓர் ஆளையே வைத்து மூடிவிட்டார்கள். இன்று நான்காம் நாள். யார் திறப்பது?

அன்புடன்,
வீராயி


ஹைதராபாத்,
24 மார்ச் 2025

வீராயி,

நோன்பு திறந்து, தொழுதுவிட்டு உட்கார்ந்தேன். உன் மூன்று உலகத்தையும் வரிசையாக வைத்துப் படித்தேன்.

ஏழாவது மதிலுக்குள் பூட்டிய அறை. தகரம் அடித்த பெட்டி. புகை அறை. மூன்றிலும் உள்ளே ஓர் ஆள். மூன்றிலும் வெளியே நிற்பவர்கள் திறக்கவில்லை.

நான் கதை எழுதுகிறவள் இல்லை. மருந்து கம்பெனியில் தரம் பார்க்கிறவள். ஒரே தப்பு மூன்று பாட்டிலில் இருந்தால் பாட்டிலைப் பார்க்கமாட்டோம், அதை ஊற்றிய இயந்திரத்தைப் பார்ப்போம்.

உள்ளே இருப்பது யார்? எனக்கு நேராகச் சொல்.

அஃபீஃபா


திருச்சி,
6 ஏப்ரல் 2025

அஃபீஃபா அக்கா,

பெருநாளுக்கு முன்னால் இதை அனுப்ப மனம் வரவில்லை. பெருநாள் முடிந்த பிறகு எழுதுகிறேன். இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள்ளுங்கள்.

எங்கள் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. அண்ணன் வைத்ததுதான். முதல் வாரங்களில் யார் பாத்திரமாகப் பேசுகிறார்கள், யார் தானாகப் பேசுகிறார்கள் என்று குழம்பி எல்லாம் கேலியாகிவிட்டது. அதனால், நிஜமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் உள்ளங்கையைத் தலைமேல் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். கையை வைக்காமல் என்ன சொன்னாலும் அது கதை. நிஷா ஒரு முறை "ஐயோ பல்லி, பல்லி" என்று அலறினாள், தலையில் கை வைக்கவில்லை. அண்ணன் அந்தப் பல்லியைக் கதைக்குள் எடுத்துக்கொண்டார், அதற்கு மூன்று தலை வைத்தார். அவ்வளவு கறார்.

அந்த ஞாயிறு, ஜூன் ஒன்பது. எதிர் மண்டபத்தில் கல்யாணம், ஒலிபெருக்கி. சத்தம் தாங்காமல் அறைக்கதவைச் சாத்தியிருந்தோம். தகரக்கூரை. கதையில் ஒரு ராஜாவை உப்புக் கிடங்கில் அடைத்துவிட்டார்கள், நாங்கள் வெளியே நிற்கிறோம். அண்ணன் ராஜாவின் கரகரத்த குரலில் இரண்டு முறை பேசினார். பிறகு கொஞ்சம் சும்மா இருந்தார். பிறகு சொன்னார்:

"மூச்சு முட்டுது. கதவ கொஞ்சம் தெறந்து விடுங்க."

நிஷா கை தட்டினாள். "செம வாய்ஸ்ணா!"

அருள், "ஏய் வீராயி, உன் முறைதான், உருட்டு உருட்டு" என்றான்.

அக்கா, அது ராஜாவின் குரல் இல்லை. பதினோரு குரலில் எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்தது. இந்த மனிதர் பன்னிரண்டாவதாக ஒரு குரல் கண்டுபிடித்திருக்கிறார், எவ்வளவு நன்றாகச் செய்கிறார் என்று ஒரு விநாடி நினைத்தேன். அடுத்த விநாடி, அவருடைய வலது கை மேசையிலிருந்து எழும்புவதைப் பார்த்தேன். காது வரைக்கும் வந்தது. அங்கிருந்து விழுந்துவிட்டது. நிஷா வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அருள் என் கையில் இருந்த பகடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒருத்திதான் பார்த்தேன்.

கேட்டிருக்க வேண்டும். "அண்ணா, நிஜமா?" இரண்டு வார்த்தை. தப்பாகப் போனால் ஆட்டத்தைக் கெடுத்தேன் என்று சிரிப்பார்களே என்று கூச்சமாக இருந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை. எத்தனை முறை தேடினாலும் அவ்வளவுதான் கிடைக்கிறது.

உருட்டினேன். இரண்டு விழுந்தது. முடிவை அவர்தான் சொல்வார். சொல்லவில்லை. அதனால் நான் சொன்னேன், "கதவு தெறக்கல" என்று. எல்லோரும் சிரித்தோம்.

பிறகு கதவைக் கோடாலியால் வெட்டுவதா சாவி தேடுவதா என்று அருளும் நிஷாவும் சண்டை போட்டார்கள். நாங்கள் சண்டை போடும்போது அவர் குனிந்து சிரித்துக்கொண்டிருப்பார், அது வழக்கம். வரைபடத்தின்மேல் தலை கவிழ்ந்திருந்தார். ராஜா மயங்கிவிட்டார் என்று நிஷா சொன்னாள். பத்து நிமிடம் இருக்கும். மறுபடி என் முறை வந்தபோது பகடை அவர் முழங்கைக்குக் கீழே உருண்டிருந்தது. எடுக்கப் போனேன். கை ஈரமாக, குளிர்ந்திருந்தது.

அருள் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எனக்குத் தெரிந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சிரிச்சிக்கிட்டே போனானாம்மா?" என்று கேட்டபோது தலையாட்டினேன்.

எந்த உலகத்தை யோசித்தாலும் அவர் எனக்கு முன்னால் போய் உள்ளே உட்கார்ந்துகொள்கிறார். அவருடைய நோட்டில் என் பெயர் இருக்கிறது என்று எழுதினீர்கள். உண்மையைச் சொல்லாமல் அந்த நாற்காலியில் என்னால் உட்கார முடியாது. சொன்ன பிறகு உட்காரலாமா என்பதும் தெரியவில்லை.

வீராயி


ஹைதராபாத்,
18 மே 2025

வீராயிக்கு,

ஆறு வாரமாக உன் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அலைகிறேன்.

இங்கே ஓர் இதய டாக்டரிடம் போனேன். எனக்கு நோய் என்று சொல்லித்தான் டோக்கன் வாங்கினேன். இருபத்தாறு வயது, மாரடைப்பு, பத்து நிமிடம், அந்தப் பத்து நிமிடத்துக்கு என்ன மதிப்பு என்று கேட்டேன். சில பேருக்கு அதுதான் எல்லாம், சில பேருக்கு அதில் ஒன்றும் இல்லை, இனிமேல் கண்டுபிடிக்க வழி கிடையாது என்றார். வெளியே வந்து லிஃப்ட் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

எனக்குக் கோபம் இருக்கிறது. மறைக்கவில்லை. நீ பார்த்ததற்கு அல்ல, பார்த்தும் கேட்காமல் விட்டதற்கு. அதைவிடப் பெரிய கோபம், அவன் சிரித்துக்கொண்டே போனான் என்ற அந்த ஒரு வரியை நீ என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதற்கு. அம்மாவிடம் இதைச் சொல்லமாட்டேன். நீயும் சொல்லாதே. அம்மா போனில் பேசும்போதெல்லாம் இனி நான் ஒருத்தி இதை வாய்க்குள் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

ஆனால் நீ சொல்லாமலே போய் அவன் இடத்தில் உட்கார்ந்திருந்தால், என்றைக்காவது தெரிந்திருந்தால், உன் பெயரைக்கூட நான் சொல்லியிருக்கமாட்டேன். அதையும் எழுதிவைக்கிறேன்.

நடத்துவதானால் நடத்து. அவனுக்காக நடத்தாதே. அவனுக்காக என்று ஒரு நாற்காலியைக் காலியாகப் போட்டு ஊதுபத்தி கொளுத்துகிற வேலை வேண்டாம்.

இதற்கு மேல் உனக்கு எழுத இப்போது என்னால் முடியாது. நீ எழுதினால் வாங்கி வைப்பேன். எப்போது பிரிப்பேன் என்று தெரியாது.

அஃபீஃபா


திருச்சி,
23 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

இதை நீங்கள் எப்போது பிரித்தாலும் சரி. பதிலுக்கு என்று எழுதவில்லை. நேற்று நடந்ததை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதலில் அருளையும் நிஷாவையும் நூலக மாடிப்படியில் உட்காரவைத்து, உங்களிடம் சொன்னதை அவர்களிடமும் சொன்னேன். நிஷா எழுந்து போய்விட்டாள். அருள் கொஞ்ச நேரம் படியின் காரையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். "நான்தானடி உருட்டு உருட்டுன்னேன்" என்றான். பத்து நாள் கழித்து நிஷா, "எங்க, எப்போ?" என்று மட்டும் கேட்டாள்.

தையல் கடை மாடிக்குப் போகவில்லை. நூலகத்துக்கு வரும் கமலவல்லி என்ற முதல் வருடப் பெண்ணின் வீடு ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதியில் இருக்கிறது. அங்கே கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். பகடையைப் பார்த்ததும் அவள் அம்மா, "ஏண்டி, நம்மாத்துல சூதாட்டமா? பெருமாளே!" என்றார். விளக்கிச் சொன்ன பிறகு கதவோரமாக அவரும் உட்கார்ந்து கேட்டார். "அந்தப் பொண்ண ஏன் தனியா அனுப்பறேள்? கூட ஒருத்தர் போகப்படாதோ?" என்று நடுவில் கேட்டார். நல்ல யோசனை, அருளையும் கூட அனுப்பினேன்.

உலகம் இதுதான். வெள்ளம் வந்து வடியாமலே நின்றுவிட்ட ஒரு தேசம். வீடுகள் எல்லாம் பரிசல்கள், ஒன்றோடு ஒன்று கயிறு கட்டி ஓர் ஊர். சுவர் கிடையாது. அடுத்த பரிசலில் யார் இருமினாலும் ஊருக்கே கேட்கும். தண்ணீர் கரிக்கும், குடிக்க முடியாது. தினமும் காலையில் ஒரு கயிறு தானாக அவிழ்ந்து கிடக்கும், யார் வீடு மிதந்து போனது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். எங்கே போகின்றன என்று கண்டுபிடிப்பதுதான் கதை. எனக்கும் இன்னும் தெரியாது.

எனக்குக் குரல் மாற்ற வராது. எல்லோருக்கும் ஒரே குரல்தான், என்னுடையது. முதல் கால் மணி நேரம் நடுங்கியது. அருள், "சத்தமா சொல்லு, பெருமாளுக்கே கேக்கல" என்றான். பிறகு எப்போது நடுக்கம் நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

உங்களிடம் பொய் சொல்லக்கூடாது. குரல்கள் போய்விடவில்லை. நேற்றுக் காலை வரும்போதும் பஸ்ஸில் வாயில்காப்பான்தான் டிக்கெட் கொடுத்தார். நான் சில்லறை சரியாகக் கொடுத்தேன்.

இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். ஆட்டம் சூடு பிடித்திருந்தது. கமலவல்லியின் பாத்திரம் அவிழ்ந்த பரிசலில் தனியாக மிதக்கிறது, அருள் கயிறு வீசப் பார்க்கிறான். எல்லோரும் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது கமலவல்லி சொன்னாள்:

"தொண்டையெல்லாம் வறண்டுடுத்து. யாராவது கொஞ்சம் தண்ணி குடுங்கோளேன்."

கை மடியில் இருந்தது.

"சூப்பர்" என்றாள் நிஷா. அருள் பகடையைக் கையில் எடுத்துவிட்டான்.

நான் எழுந்தேன். கதையை அந்த வாக்கியத்தின் நடுவிலேயே விட்டுவிட்டு அடுக்களைக்குப் போனேன். அடுத்தவர் வீட்டு அடுக்களைக்குள் கேட்காமல் போகிறவள் இல்லை நான், உங்களுக்குத் தெரியும். அவள் அம்மா, "என்ன வேணும் கொழந்தே?" என்று பின்னாலேயே வந்தார். கூஜாவிலிருந்து ஒரு டம்ளர் ஊற்றிக் கொண்டுவந்து கமலவல்லி முன்னால் நீட்டினேன். அவள் விழித்தாள்.

அருள், "ஏய், அது கேமுக்குள்ளயா, வெளியிலயா?" என்றான்.

"தெரியல. முதல்ல குடிக்கட்டும்" என்றேன்.

அவள் டம்ளரைக் காலி செய்து கீழே வைக்கும்வரை நின்றுகொண்டிருந்தேன், அக்கா. அதுவரை யாரும் எதையும் உருட்டவில்லை.

வீராயி